உங்கள் எண்ணில் என் ரேடியோ

நேமத்தான்பட்டி
9.3.2025

அன்புத் தங்கச்சி நாகவல்லிக்கு,

லட்சுமணன் எழுதுவது. உன்னைப் போனில் கூப்பிட்டால் மணி அடிக்காமலே அறுந்துபோகிறது. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று நம் ஹாம் ரேடியோ சங்கத்து ரவிக்குமார் சொன்னான். ஓசூர் முகவரியைக் கொடுத்ததும் அவன்தான், அவனைத் திட்டாதே. நான் கடிதம் எழுதி இருபது வருஷம் இருக்கும். ரேடியோவில் ஒருவரோடொருவர் பேசியதற்கு அடையாளமாக நாம் தபால் அட்டை அனுப்புவோமே, அதில்கூட நான் கையெழுத்து மட்டும்தான் போடுவேன்.

செக்காலை ரோட்டில் உன் செல்போன் கடையைப் பூட்டிவிட்டு நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. சங்கத்தில் உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. புதிதாக டிஜிட்டல் ரேடியோ வாங்குகிறவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். நம் பேச்சை வாங்கி ஊர் முழுக்கத் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டரின் அலைவரிசை, கலர் கோடு, ஸ்லாட், பேச்சுக் குழு எல்லாவற்றையும் கணினியில் ஒரு ஃபைலாக எழுதிக் கேபிள் வழியாக ஏற்றினால்தான் அது பேசும். ஓர் இலக்கம் தப்பினாலும் அது வெறும் பொம்மை. நீ அரை மணியில் முடித்துக் கொடுத்துவிடுவாய்.

டிசம்பர் விஷயத்துக்கு வருகிறேன். கண்மாய் உடைந்த அன்று நம் ரிப்பீட்டர் இருபத்தாறு நிமிடம் அடைபட்டுக் கிடந்தது. எல்லோர் ரேடியோத் திரையிலும் உன் பெயர் காட்டியது. செயற்குழு உன்னை ஒரு வருஷம் நீக்கியது, தலைவர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். இப்போது யோசித்தால் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றுகிறது. ஏப்ரலில் பொதுக்குழு கூடுகிறது. நடந்ததற்கு வருத்தம் தெரிவித்து நீ இரண்டு வரி எழுதினால் போதும், நீக்கத்தை ரத்து செய்யவைப்பது என் பொறுப்பு.

சோதனைக்கென்று வாங்கி வைத்த உன் ரேடியோ என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

அன்புடன்,
லட்சுமணன்

ஓசூர்
17.3.2025

தலைவர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் பேச மாட்டேன். போன் என்றால் நீங்கள் பேசிக்கொண்டே போவீர்கள், நான் ‘ஆமாங்கண்ணே’ போட்டுக்கொண்டே இருப்பேன். எட்டு வருஷப் பழக்கம் அது. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில், தங்கச்சி என்று எழுத வேண்டாம்.

வருத்தக் கடிதம் கேட்டிருக்கிறீர்கள். அன்று என்ன நடந்தது என்பதை நீங்கள் சௌகரியமாக நாலு வரியில் முடித்துவிட்டதால் நான் முழுதாக எழுதுகிறேன். மழையில் போன் டவர்கள் எல்லாம் செத்துவிட்டன. பள்ளிக்கூட முகாமில் நாராயண் ரேடியோவோடு உட்கார்ந்திருந்தார். கொத்தனார் சின்னக்கருப்பனைப் பாம்பு கடித்து அங்கே தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் கேட்க நாராயண் பட்டனை அழுத்தினால் ரிப்பீட்டர் அவர் பேச்சை வாங்கவில்லை. ஒருவர் அழுத்திக்கொண்டே இருந்தால் அடுத்தவர் நுழைய முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருபத்தாறு நிமிடமும் கார் ஓடுகிற இரைச்சலும் வைப்பர் அடிக்கிற சத்தமும்தான் கேட்டன. அந்த மனிதருக்கு உயிர் தங்கியது, கால்தான் இன்னும் ஊன்ற முடியவில்லை. சாரம் ஏறிப் பிழைத்த ஆள்.

என்னிடம் கார் கிடையாது, ஸ்கூட்டிதான் என்று செயற்குழுவில் சொன்னேன். யார் காரிலாவது போயிருப்பாய் என்றார்கள். என் ரேடியோவைத் தொடர்ந்து மூன்று நிமிடம் அழுத்தினால் தானாக அடங்கும்படி நேர வரம்பு வைத்திருக்கிறேன், கேபிளைப் போட்டுப் பாருங்கள் என்றேன். “பாத்துச் சொல்றோம்” என்று நீங்கள்தான் கை நீட்டி வாங்கிக்கொண்டீர்கள்.

பார்த்தீர்களா? அந்த நேர வரம்புக் கட்டத்தில் என்ன எண் இருந்தது? பதில் எழுதுவதானால் அதை மட்டும் எழுதுங்கள்.

நாகவல்லி

நேமத்தான்பட்டி
30.3.2025

நாகவல்லி அவர்களுக்கு,

நூற்று எண்பது விநாடி. கூட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே கேபிளைப் போட்டுப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

அதை மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதை எழுதிய பிறகு இத்தோடு நிறுத்த முடியவில்லை. பத்து நாளில் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். கிழித்த காகிதத்தைக்கூட வீட்டில் போடப் பயந்து சட்டைப்பையில் கொண்டுபோய் வெளியே எறிந்தேன்.

அன்று ரிப்பீட்டரை அடைத்தது என் ரேடியோ.

காருக்கென்று புதிதாக ஒன்று வாங்கியிருந்தேன். சங்கத்தில் நான் எடுக்கிற வகுப்பில் பதினைந்து பேருக்கு முன்னால் “இதெல்லாம் நானே ஏத்திக்கிருவேன்” என்று பெருமையடித்திருந்தேன். என் பழைய ரேடியோவுக்கு ஏற்றிக் கொடுத்ததே நீங்கள்தான் என்பது நம் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஊருக்குப் பாடம் எடுக்கிறவன் இரண்டாம் தடவையும் உங்கள் கடை வாசலில் வந்து நிற்பதா என்று கௌரவம் பார்த்தேன். மாதிரிக்கு என்று சொல்லி உங்கள் ஃபைலைப் பென் டிரைவில் வாங்கி, மழைக்கு முந்தின நாள் அப்படியே ஏற்றினேன். ரிப்பீட்டர் உடனே எடுத்தது. என் மனைவி விசாலியைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். திரையில் யார் பெயர் காட்டுவது என்பதைத் தீர்மானிக்கிற, அவரவருக்கு உரிய ஏழு இலக்க எண் ஃபைலின் முதல் பக்கத்தில் இருக்கும், முதலில் அதை மாற்றுங்கள் என்று வகுப்பில் நானே சொல்லியிருக்கிறேன். நான் மாற்றவில்லை. உங்கள் எண்ணோடுதான் அந்த ரேடியோ என் காரில் ஏறியது.

மாற்றியது ஒன்றே ஒன்றுதான். நான் நீளமாகப் பேசுகிறவன், மூன்று நிமிடத்தில் வாயை அடைப்பது எனக்கு ஆகாது. அந்த வரம்பை நீக்கிவிட்டேன். அதை எங்கே போய் நீக்குவது என்று உங்களுக்குத்தான் போன் போட்டுக் கேட்டேன். ரிப்பீட்டரிலும் அப்படி ஒரு வரம்பு இருந்தது. வெள்ள நேரத்தில் செய்தி நடுவில் அறுந்துபோகக் கூடாது என்று அதை எடுக்கச் சொன்னதும் நான்தான்.

அன்று முகாமுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனேன். ரேடியோவைச் சீட்டுக்கும் கைப் பிரேக்குக்கும் நடுவில் குடையோடு சேர்த்துச் செருகியிருந்தேன். பட்டன் அமுங்கிக் கிடந்தது தெரியாது. இறங்கும்போது கையில் எடுத்தால் சுட்டது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன். அதற்குள் நாராயண் ஓடி வந்து, “நாகவல்லி செட்டுத்தான் அமுங்கிக் கெடக்குண்ணே, பேரு காட்டுது” என்றான். அப்போது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. நிம்மதி. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் வந்தது.

பிறகு சின்னக்கருப்பனை என் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். உயிர் காத்தவர் என்று பொங்கல் விழாவில் எனக்குச் சால்வை போட்டார்கள். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. வரம்பை நீக்கக் கேட்டவன் நான் ஒருவன்தான். உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

லட்சுமணன்

ஓசூர்
8.4.2025

தலைவர் அவர்களுக்கு,

தெரியும். இருபத்தாறு நிமிடம் என்று கேட்டதுமே தெரியும்.

செயற்குழுவில் நேர வரம்பைப் பற்றிச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று நினைத்தேன். டீ வந்தது. வடை வந்தது. நீங்கள் எல்லோருக்கும் எடுத்து எடுத்துக் கொடுத்தீர்கள், எனக்கும் ஒன்று வைத்தீர்கள். 

நான் ஏன் உங்கள் பெயரைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்க மாட்டீர்கள். சொன்னால் அந்த அறையில் யார் நம்பியிருப்பார்கள்? நீங்கள் பெரிய வீட்டைப் பழுதுபார்த்து வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைக்கிறவர். நான் ஆசாரி வீட்டுப் பெண், ரோட்டோரத்தில் செல்போனுக்குக் கண்ணாடி மாற்றுகிறவள். தப்பிக்க உங்கள் மேல் பழி போடுகிறாள் என்று நீக்கத் தீர்மானத்தில் அதையும் சேர்த்து எழுதியிருப்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சின்னக்கருப்பன் மனைவி பஞ்சவர்ணம் ஜனவரியில் என் கடைக்கு வந்தார். “எம் புருசன முடமாக்கிப்புட்டு இங்குட்டு உக்காந்து போனு நோண்டிக்கிட்டிருக்கியா” என்று ஆரம்பித்து, ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்கும்படி பேசினார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், உங்கள் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு ஓடினாரே அவர்தான் என்று சொல்ல வேண்டும். அந்த அம்மாளுக்கு அன்றைக்கு இருந்த ஒரே ஆறுதல் நீங்கள்தான். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. மறுவாரம் கடையைப் பூட்டினேன். இப்போது ஒரு தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு சர்க்யூட் போர்டு சரிபார்க்கிறேன்.

என்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டாம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரிப்பீட்டரில் நாற்பது பேர் கூடிப் பேசுவீர்களே, அங்கே சொல்லுங்கள். அதே ரேடியோவில் சொல்லுங்கள். உங்கள் சொந்த எண்ணை நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள், யாரிடமும் கொடுத்து வாங்காதீர்கள்.

நாகவல்லி

நேமத்தான்பட்டி
20.4.2025

நாகவல்லி அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. செய்யக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை.

ஆனால் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். மகள் மீனலோசனிக்கு வைகாசியில் நிச்சயம் பேசியிருக்கிறோம். சம்பந்தி வீட்டில் ஒருவர் ரேடியோக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்கிறவர். சங்கத்துக்கும் இப்போதுதான் மாவட்ட அலுவலகத்தில் ஒரு மரியாதை வந்திருக்கிறது. செயற்குழுவுக்கு எழுத்து மூலமாக எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். உங்கள் நீக்கம் அன்றே ரத்தாகும், தொழில்நுட்பக் கோளாறு என்று தீர்மானம் போட்டுவிடலாம். உங்கள் பெயரும் சுத்தமாகிவிடும், யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது.

எண்ணை மாற்ற இரண்டு நாள் உட்கார்ந்தேன். கணினி ரேடியோவை அடையாளம் காண மாட்டேன் என்கிறது. கேபிளா, டிரைவரா என்று தெரியவில்லை. உங்களைக் கேட்கும் வாயும் எனக்கு இல்லை.

லட்சுமணன்

ஓசூர்
27.4.2025

தலைவர் அவர்களுக்கு,

மீனலோசனிக்கு என் வாழ்த்து. எத்தனையோ தடவை எனக்குச் சோறு போட்ட பிள்ளை.

கோளாறு என்று தீர்மானம் போடாதீர்கள். ரேடியோவில் கோளாறு எதுவும் இல்லை.

கேபிளைக் கணினியின் பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள். இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

நாகவல்லி

நேமத்தான்பட்டி
18.5.2025

நாகவல்லி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். இன்று காலை சொல்லிவிட்டேன்.

பின்பக்கத்தில் செருகியதும் எடுத்தது. எண்ணை மாற்றினேன். வீட்டிலிருந்த பழைய ரேடியோவின் திரையில் என் பெயர் வருகிறதா என்று மூன்று தடவை சோதித்துப் பார்த்தேன். போன ஞாயிறே சொல்லியிருக்க வேண்டும். பட்டனை அழுத்திவிட்டு, எல்லோருக்கும் வணக்கம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டேன். அதற்கு முந்தின ஞாயிறும் அதேதான்.

சனிக்கிழமை விசாலியிடம் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “நாகு கடையப் பூட்டுன அன்னைக்கி நம்ம வீட்டு வாசல் வழியாத்தான் போச்சு. உள்ள வரச் சொல்லவான்னு கேட்டேன். வேணாம்னு சொன்னீக” என்றாள்.  எனக்கு அது ஞாபகமே இல்லாமல் இருந்தது என்பதுதான் பெரிய கேவலம்.

இன்று எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் ஃபைல், மாற்றாத எண், நீக்கிய வரம்பு, உங்கள் ரேடியோவில் நூற்று எண்பது இருந்ததைப் பார்த்தும் மறைத்தது, சால்வை. எதையும் விடவில்லை. முடித்துவிட்டுப் பட்டனை விட்டேன். என்னைச் சங்கத்திலிருந்து நீக்குவார்கள், நாலு வார்த்தை கேட்பார்கள் என்று காத்திருந்தேன்.

முதலில் நாராயண் ரிப்பீட்டரில் வந்தான். இதைச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்றான். அடுத்தவர் வந்து, இப்படி ஒரு தலைவர் கிடைத்தது நம் பாக்கியம் என்றார். பதினொரு பேர் பேசினார்கள், பதினொரு பேரும் என்னைத்தான் பாராட்டினார்கள். சம்பந்தி வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டு, இப்பேர்ப்பட்ட நேர்மையுள்ள குடும்பத்தில் சம்பந்தம் செய்யப் பெருமைப்படுகிறேன் என்றார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அதையும் என் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நாகவல்லி எப்படி இருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தலைவர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களுக்கு யாராவது போன் செய்தார்களா? செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அதுவும் என் ஆறுதலுக்குத்தான் கேட்கிறேன், தெரிகிறது.

லட்சுமணன்

ஓசூர்
28.5.2025

லட்சுமணன் அவர்களுக்கு,

யாரும் கூப்பிடவில்லை. ரவிக்குமார் மட்டும் கையெடுத்துக் கும்பிடுகிற படம் ஒன்றை அனுப்பினான். நீக்கம் ரத்து என்று சங்கத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, அதில் என் இன்ஷியல் தப்பாக இருக்கிறது.

உங்களைப் பாராட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் விழுந்தாலும் பூப்போட்டுத் தூக்க அங்கே ஆள் இருக்கிறது. அதற்காக நீங்கள் சொன்னது பொய்யாகிவிடாது. நீங்கள் சொன்னது எனக்குக் கொஞ்சம் நல்லதாகத்தான் இருந்தது. கடிதம் வந்த அன்றிரவு தூங்கினேன்.

ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பஞ்சவர்ணம் இல்லை. அவர் வீட்டில் ரேடியோ இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்தாலும் அந்த வீட்டுக்குப் போய் யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் கணக்கில் இன்றைக்கும் நான் குற்றவாளி, நீங்கள் சாமி.

போய்ச் சொல்லுங்கள். கையில் பழமோ பணமோ எதுவும் கொண்டுபோகாதீர்கள். மனைவியை முன்னால் அனுப்பாதீர்கள். சொல்லிவிட்டு, அவர் என்ன சொன்னாலும் கேட்டுவிட்டு வாருங்கள்.

நாகவல்லி

நேமத்தான்பட்டி
9.6.2025

நாகவல்லி அவர்களுக்கு,

நேற்றுப் போனேன். என்னைக் கண்டதும் பஞ்சவர்ணம் உள்ளே ஓடி நாற்காலி எடுத்து வந்து முந்தானையால் துடைத்துப் போட்டார். “வாங்கய்யா, வாங்க” என்று சின்னக்கருப்பன் கம்பை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். ரிப்பீட்டர், எண் என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு என்று தவிர்த்துவிட்டு, காரில் என் ரேடியோதான் அமுங்கிக் கிடந்தது, அதனால்தான் ஆம்புலன்ஸ் கேட்க முடியாமல் போனது, தெரிந்தும் ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், பழி நாகவல்லி மேல் விழட்டும் என்று விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

சின்னக்கருப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பஞ்சவர்ணம் என்னை மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். என்னை ஏசுவார் என்று நின்றேன். அவர் நாற்காலியை மட்டும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு, “அப்ப அந்தம்மா எங்க இருக்காக?” என்று கேட்டார்.

ஓசூரில் என்றேன். நீங்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போனதையும் சொன்னேன். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார்.  நான் கிளம்பும்போது, இன்று காலை மறுபடி வரச் சொன்னார். வந்தேன். அவருக்கு எழுதத் தெரியும், இருந்தும் பேனாவை என் கையில் கொடுத்து, “நீங்களே எழுதுங்க” என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடி கீழே எழுதுகிறேன். அடியில் கையெழுத்து அவருடையது.

*அம்மா, நான் சின்னக்கருப்பன் சம்சாரம். ஒங்க கடைக்கி வந்து நாலு பேரு முன்னால வாய்க்கு வந்ததெல்லாம் பேசிப்புட்டேன். நீங்க ஒரு வார்த்த பதில் சொல்லல. அத திமிருன்னு நெனச்சு இன்னுங் கூடப் பேசுனேன். நேத்துலருந்து எனக்கு வெக்கமா இருக்கு, சோறு எறங்கல. விசாரிக்காமப் பேசுனது எந்தப்பு. நேத்துச் சாயங்காலமே பஸ் ஏறிச் செக்காலைக்குப் போனேன். அன்னைக்கி நின்ன எடத்துலயே நின்னு, அக்கம்பக்கத்துக் கடைக்காரகள எல்லாம் கூப்புட்டு, நாகவல்லியம்மா ஒண்ணுஞ் செய்யல, நாந்தான் அவுகள அநியாயமாப் பேசிப்புட்டேன்னு சொல்லிட்டு வந்துருக்கேன். அன்னைக்கி எம்புட்டுச் சத்தமாப் பேசுனேனோ அம்புட்டுச் சத்தமாச் சொன்னேன். ஒங்க வீட்டு ஆளுக யாராச்சும் ஊருல இருந்தா அவுக வீட்டுலயும் போயிச் சொல்லுறேன். இத எழுதுறது அந்த ஆளுதான். நான் சொன்னதுக்கு மேல ஒரு வார்த்த சேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்.*

சி. பஞ்சவர்ணம்